பாதி ஆலையில், பாதி கொட்டகையில்

1925 ஏப்ரல் 15 அன்று ஃபோர்டு நிறுவனம் புதிய வண்டி ஒன்றை அறிவித்தது. மாடல் டி ரன்அபவுட் காரின் பின்பாகத்தில் பிக்கப் பெட்டி பொருத்திய வண்டி அது. விலை 281 டாலர். இருவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் 56 அங்குல நீளமும் 13 அங்குல உயரமும் கொண்ட எஃகுப் பெட்டி, இறக்கி ஏற்றும் பின்கதவு, பாரம் தாங்கக் கனத்த கமான் பட்டைகள். ஆலையிலேயே முழுதாகச் செய்து விற்ற பிக்கப்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வண்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் பெட்டியின் பக்கங்களில் நான்கு குழிகளும் இருந்தன. அவற்றில் எதைச் செருகுவது, எவ்வளவு உயரத்துக்குச் செருகுவது, செருகுவதா வேண்டாமா என்பதெல்லாம் வாங்குகிறவருக்கு விடப்பட்டிருந்தன. அமெரிக்கப் பிக்கப்பின் வரலாற்றில் மற்ற எந்த உறுப்பையும்விட இந்தக் குழிகளே முக்கியமானவை என்று நினைக்கிறேன். ஆலை ஒரு பாதியையும் உழவர் மறுபாதியையும் செய்த வண்டி பிக்கப். அந்த மறுபாதி இன்றுவரை அழியாமல் இருப்பதற்குச் சிறந்த சான்று, விறகு ஏற்றுவதற்காகக் குழிகளில் முளைக்குச்சி நட்டு, பலகை அறைந்து, வீட்டுக் கொட்டகையில் செய்துகொள்ளும் மரத்தட்டி.

தட்டியின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் வாதம் அதற்குள்ளேயே இருக்கிறது. குழிக்குள் இறங்கும் அளவுக்குச் செதுக்கிய செங்குத்துச் சட்டங்கள் முளைக்குச்சிகள். ஓக், ஆஷ் போன்ற உறுதியான மரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் கட்டடத்துக்கு வாங்கும் இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டம். முளைக்குச்சிகளின் உட்புறத்தில் கிடையாகப் பலகைகள், நடுவே இடைவெளி விட்டு. இடைவெளி தட்டியின் கனத்தைக் குறைக்கிறது, மரச்செலவையும் குறைக்கிறது, விறகுக் கட்டை வெளியே விழாத அளவுக்கு மட்டும் அடைப்பு இருந்தால் போதும். பலகையை உட்புறத்தில் அறைவதற்குக் காரணம் உண்டு. பாரம் வெளிநோக்கித் தள்ளும்போது பலகை முளைக்குச்சியின் மேல் அழுந்த வேண்டும். வெளிப்புறத்தில் அறைந்தால் அந்தத் தள்ளல் முழுவதையும் ஆணியே தாங்க வேண்டிவரும். அனுபவம் உள்ளவர்கள் ஆணியை நம்பாமல் போல்ட் போடுவதும் அதனால்தான். முளைக்குச்சி முறியும் இடம் அனேகமாகக் குழியின் வாய்தான், வளைக்கும் விசை அங்கேதான் உச்சம். எனவே எதிரெதிர் முளைக்குச்சிகளின் தலைகளைக் குறுக்கே ஒரு சங்கிலியால் பிணைக்கிறார்கள். ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடிக்கு எதிரே ஒரு முன்தட்டி நிற்கும். பிரேக் போடும் நேரத்தில் கட்டை பாய்ந்து கண்ணாடியை உடைக்காமல் அது காக்கும். மூலைகளைக் கொக்கியிட்டுப் பூட்டினால் பெட்டி முழுமை பெறும். வேலை முடிந்ததும் இரண்டு பேர் தூக்கிக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிடலாம்.

இந்த அறிவில் எதுவும் மோட்டாரோடு பிறந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க உழவரின் நான்கு சக்கரக் குதிரை வண்டியில் அச்சுக்கு மேல் குறுக்கே ஒரு கனத்த கட்டை கிடக்கும். அதன் இரு முனையிலும் முளைகள் நிமிர்ந்து நிற்கும். வண்டிப் பெட்டி அந்த முளைகளுக்கு நடுவே வெறுமனே உட்கார்ந்திருக்கும். தானியம் ஏற்ற வேண்டுமென்றால் பெட்டி. வைக்கோல் ஏற்ற வேண்டுமென்றால் பெட்டியை இறக்கிவிட்டு அகலமான தட்டி. மரக்கட்டை ஏற்ற வேண்டுமென்றால் முளைகளே போதும். பெட்டியின் மேல் இன்னொரு பலகை அடுக்கு, அதற்கு மேலும் ஒன்று என்று அறுவடைக்கு ஏற்பப் பக்கங்களை உயர்த்துவதும் வழக்கம். வண்டி செய்யும் நிறுவனங்களே இந்த மேலடுக்குகளைத் தனியாக விற்றன. 1852-இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் தொடங்கிய ஸ்டூட்பேக்கர் சகோதரர்களின் பட்டறை, உலகின் மிகப்பெரிய வண்டித் தொழிற்சாலைகளில் ஒன்றாக வளர்ந்து, 1920 வரை குதிரை வண்டிகளை விற்றது. அந்த வண்டிகளை ஓட்டியவர்களின் பிள்ளைகளே முதல் மோட்டார் வண்டிகளை வாங்கினார்கள். ஒரே அடித்தளம், வேலைக்கு ஒரு மேற்பாகம் என்பது அவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய கொள்கையாக இருக்கவில்லை. வண்டி என்றால் அப்படித்தான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எனவே 1908-இல் மாடல் டி வந்தபோது, அதைக் கார் என்று மட்டும் கிராமம் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்பாகத்தைக் கழற்றி மரப்பெட்டி வைத்தார்கள். அதற்கென்றே பெட்டிகளைச் செய்து விற்றவர்கள் தோன்றினார்கள். சட்டத்தை நீட்டிப் பின்னச்சை மாற்றி, காரை ஒரு டன் லாரியாக்கும் துணைக்கருவிகள்கூடக் கடைக்கு வந்தன. சிகாகோவின் ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக் அவற்றுள் பெயர் பெற்றது. இந்தச் சந்தை உருவான பிறகுதான், 1917 ஜூலையில், ஃபோர்டு ஒரு டன் தாங்கும் மாடல் டிடியை வெளியிட்டது. அதுவும் வெறும் சேசிஸாக, 600 டாலருக்கு. மாடல் டியைவிட 2 அடி நீளமான அந்தச் சேசிஸின் மேல் அறையும் பெட்டியும் அமைப்பது வாங்குகிறவரின் பாடு. 1918-இல் செவ்ரோலே முதன்முதலாக விற்ற லாரிகளும் இப்படியே பாடி இல்லாமல் வந்தன. ஆலைகள் அறியாமல் விட்ட இடைவெளி இது என்று சொல்ல முடியாது. ஒரு மாவட்டத்தில் பால் கேன், அடுத்த மாவட்டத்தில் ஆட்டுக்குட்டி, மலையோரத்தில் விறகு என்று பாரம் மாறும் நாட்டில், எந்தப் பெட்டி எல்லாருக்கும் பொருந்தும் என்று டெட்ராய்ட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய அவர்களால் இயலவில்லை. அமெரிக்கப் பண்ணைகளில் 1920-இல் ஏறத்தாழ 1,39,000 ஆக இருந்த மோட்டார் லாரிகள் 1930-இல் ஏறத்தாழ 9,00,000 ஆயின. அந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி, பாதி முடிந்த வண்டியை வாங்கி மீதியைத் தாமே முடித்துக்கொண்டவர்களால் நடந்தது.

ரொனால்ட் கிளைன், டிரெவர் பின்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் இந்தக் காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரை தொழில்நுட்ப வரலாற்றில் பலரும் எடுத்தாளும் ஒன்று. கிராமத்து மக்கள் காரின் பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டை மாட்டி, அதைக் கொண்டு துணி துவைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், விறகு அறுத்தார்கள் என்று அவர்கள் காட்டுகிறார்கள். கருவியைச் செய்கிறவர் மட்டுமே அதன் பொருளைத் தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துகிறவரும் தீர்மானிக்கிறார் என்ற அவர்களின் மையக் கருத்தை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் அவர்களின் கதை ஒரு முடிவை நோக்கிப் போகிறது. டிராக்டரும் மின்சாரமும் ஆலையில் செய்த பிக்கப்பும் கிராமத்துக்கு வந்ததும் அந்த நெகிழ்வு அடங்கிவிட்டது, கார் காராகவே நின்றுவிட்டது என்பது அதன் போக்கு. காரைப் பொறுத்தவரை அது சரி. பின்சக்கரத்தில் பட்டை மாட்டி விறகு அறுப்பவர் பிறகு யாருமில்லை. பிக்கப்பைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை. அந்த நெகிழ்வு போவதற்கு ஓர் இடம் தேடியது. அந்த நான்கு குழிகளில் அது குடியேறியது. வண்டியை ஆலையே முடித்து விற்கத் தொடங்கிய அதே ஆண்டில், முடிக்காத ஒரு பகுதியை அது ஏட்டிலேயே ஏற்றுக்கொண்டது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். குழிகள் மழைத்துணி கட்டும் வளைவுக் கம்பிகளுக்காகவும் இருந்திருக்கலாமே, வணிகர்கள் விளம்பரப் பலகை மாட்டவும் பயன்பட்டிருக்குமே, அவற்றை உழவரின் உரிமைச்சீட்டு என்று வாசிப்பது மிகை இல்லையா? கூடாரத்துக்கும் அவை பயன்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அதுவே என் வாதத்தை உறுதியாக்குகிறது. ஒரே வேலைக்கு வைத்த துளையாக இருந்தால் அந்த வேலைக்குரிய பொருளை ஆலையே செய்து மாட்டியிருக்கும். எந்த வேலை என்று தெரியாததால்தான் துளையை மட்டும் விட்டது. அதைவிட வலுவான சான்று, அந்தத் துளைகளின் நீண்ட ஆயுள். பெட்டியின் தோற்றம் அடியோடு மாறிய காலத்திலும் அவை மறையவில்லை. 1955-இல் செவ்ரோலே கேமியோவும் 1957-இல் ஃபோர்டின் ஸ்டைல்சைடும் சக்கரத்தை உள்ளே அடக்கி, காரைப் போல வழவழப்பான பக்கங்களோடு வந்தன. அதன் பிறகு வந்த முழு அளவுப் பிக்கப்களில் குழிகள் பக்கச் சுவரின் மேல்விளிம்புக்கு ஏறிக்கொண்டனவே ஒழிய ஒழிந்துவிடவில்லை. அழகுக்காகப் பெட்டியைத் திருத்திய வடிவமைப்பாளர்கள், அழகுக்கு எந்தவிதத்திலும் உதவாத துளைகளைப் பத்தாண்டுகள் பலவாகச் சுமந்து வந்தார்கள் என்றால், வாங்குகிறவர்கள் அவற்றைக் கேட்டார்கள் என்பதே பொருள்.

அவர்கள் அப்படிக் கேட்டதன் பின்னால் நின்ற பாரங்களில் முதன்மையானது விறகு. அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் விறகை அளக்கும் அலகு கார்டு: 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கிய விறகு, அதாவது 128 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு கட்டைகளுக்கு இடையிலான வெறும் காற்று. முழு அளவுப் பிக்கப்பின் நீண்ட பெட்டி 8 அடி நீளம். சக்கர மேடுகளுக்கு நடுவே 4 அடிக்குச் சற்று மேல் அகலம். கார்டின் இரண்டு அளவுகள் ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கின்றன. இல்லாதது உயரம் மட்டும்தான். பெட்டியின் விளிம்பு வரை நெருக்கி அடுக்கினால் அரைக் கார்டுக்குச் சற்று மேல் கொள்ளும். அடுக்காமல் வீசிப் போட்டால் அதுவும் கொள்ளாது. மணலும் சரளையும் ஏற்றினால் பெட்டி நிறைவதற்கு வெகு முன்பே கமான் பட்டைகள் படுத்துவிடும். வைக்கோலைக் கட்டுக் கட்டாக அடுக்கினால் பக்கச் சுவர் இல்லாமலேயே நிற்கும். காய்ந்த விறகு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் பாரம். பட்டைகள் இன்னும் தாங்கும்போதே பெட்டி நிறைந்துவிடுகிறது. குட்டையாக அறுத்த கட்டைகள் தாமாக நிற்காமல் சரிகின்றன. பக்கத்தை உயர்த்தினால் உடனே பயன் தெரியும் பாரம் அது. தட்டி செய்வதற்கு விறகைவிட நேரான காரணம் வேறில்லை.

ஆலை செய்த பெட்டி மரத்திலிருந்து எஃகுக்கு மாறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹென்றி ஃபோர்டே மரத்துக்காக மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் பெருங்காடுகளை வாங்கினார். அயர்ன் மவுண்டனில் அறுவை ஆலை அமைத்தார். காரின் உடற்சட்டத்துக்கு அறுத்ததில் மிஞ்சிய கழிவை அடுப்புக்கரிக் கட்டிகளாக்கி விற்றார். அந்தக் கரியின் பெயராகிய கிங்ஸ்ஃபோர்டு இன்றும் கடைகளில் இருக்கிறது. குதிரை வண்டித் தொழிலில் வேர் கொண்ட மார்ட்டின்-பேரி நிறுவனம் பல லாரிகளுக்குப் பெட்டி செய்து கொடுத்துவந்தது. 1930-இல் அதன் இந்தியானாபொலிஸ் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது, செவ்ரோலே அதன் பிறகு பிக்கப் பெட்டியோடு சேர்த்தே வண்டியை விற்றது. அடுத்த பத்தாண்டுகளில் மரம் ஆலையை விட்டு ஏறக்குறைய வெளியேறியது. பெட்டியின் தரைப்பலகையில் மட்டும் அது நீண்ட நாள் தங்கியது. செவ்ரோலேயின் ஸ்டெப்சைடு வண்டிகளில் 1980-கள் வரைகூட மரத்தரை இருந்தது. ஆலை கைவிட்ட மரம் உரிமையாளரின் கையில் தொடர்ந்தது. எஃகை வளைக்க அழுத்த எந்திரம் வேண்டும், ஒட்ட வெல்டிங் வேண்டும். மரத்துக்கு ஒரு ரம்பமும் துளைக்கருவியும் போதும். அடிபட்ட பலகை உடைந்தால் அதே மாலையில் வேறொன்றை மாட்டிவிடலாம். பளபளக்கும் தகட்டில் கட்டை வந்து மோதாமல் அடியைத் தான் வாங்கிக்கொள்வதும் பலகைதான். பொருள் என்ற முறையிலேயே மரம் பயன்படுத்துகிறவரின் பக்கம் நின்றது.

1930-களின் பெரும் பஞ்சக் காலத்தில் இந்தக் கைத்தொழில் எல்லார் கண்ணிலும் பட்டது. தெற்குச் சமவெளியின் வறட்சியும் புழுதிப் புயலும் விரட்ட, கலிஃபோர்னியாவை நோக்கிப் போன குடும்பங்களின் வண்டிகளை டாரத்தியா லாங்கும் அவர் போன்ற அரசுப் புகைப்படக்காரர்களும் பதிவு செய்தார்கள். பழைய கார்களை அறுத்துச் செய்த லாரிகள், மரத்தட்டிக்குள் மெத்தையும் பானையும் பிள்ளைகளும். ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட நாவலில் ஜோட் குடும்பம் ஏறிப்போவதும் ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கிய வண்டியில்தான். அடுத்து வந்த போர், மரத்தட்டியை அரசாங்கமே கையில் எடுக்கச் செய்தது. 1942 தொடக்கத்தில் பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. எஃகைச் சேமிக்க, ஜிஎம்சியின் இரண்டரை டன் ராணுவ லாரிகளில் பெருந்தொகை மரப்பெட்டியோடு செய்யப்பட்டது. இடைவெளி விட்ட பலகைத் தட்டிகள் அவற்றின் இருபுறமும் குழிகளில் நின்றன. அவற்றிலேயே வீரர்கள் உட்காரும் மடக்கு இருக்கையும் இருந்தது. போர் முடிந்து அந்த லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது பண்ணைகளும் மரம் வெட்டுகிறவர்களும் அவற்றை வாங்கினார்கள். பழைய உழவு வண்டியின் உத்தி போர்க்களம் போய்விட்டுப் பண்ணைக்கே திரும்பியது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். பஞ்சமும் போரும்தான் உன் சான்றுகள் என்றால், மரத்தட்டி வறுமையின் அடையாளம் மட்டும்தானே, செல்வம் வந்தால் போய்விடும் பழக்கத்துக்கு வரலாற்றில் என்ன பெரிய இடம் என்று கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை வரிசையாக வைத்தால் முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். 1940-இல் அமெரிக்க வீடுகளில் 22.8 விழுக்காடு முதன்மையாக விறகால் சூடேற்றப்பட்டன. 1950-இல் அது 10 விழுக்காடு; 1960-இல் 4.2, 1970-இல் 1.3. எண்ணெயும் குழாய்வழி எரிவாயுவும் வந்த முப்பது ஆண்டுகளில் விறகு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1979-இல் ஈரான் புரட்சியோடு இரண்டாம் நெருக்கடி வந்தது. 1980 கணக்கெடுப்பில் விறகு 3.2 விழுக்காட்டுக்கும் 1990-இல் 3.9 விழுக்காட்டுக்கும் ஏறியது. வளர்ந்துவரும் நாட்டில் பங்கு மூன்று மடங்கானது என்றால் எண்ணிக்கை அதைவிட மிகுதி. அவ்வாறு விறகுக்குத் திரும்பியவர்களில் பலர் ஏழைகள் இல்லை. நியூ இங்கிலாந்தில் இரும்பு அடுப்பு வாங்கியவர்களும், மேற்கு மாநிலங்களின் தேசியக் காடுகளில் அனுமதிச்சீட்டு பெற்று விழுந்த மரத்தை அறுக்கப் போனவர்களும், மாதச் சம்பளமும் புதிய பிக்கப்பும் உள்ளவர்கள். அவர்களும் குழிகளில் சட்டம் நட்டார்கள்.

எண்களில் தெரியாத ஒன்றும் இங்கே உண்டு. 1949-இல் மெக்கல்லக் நிறுவனம் ஒருவரே தூக்கிப் பிடிக்கக்கூடிய 25 பவுண்டு சங்கிலி ரம்பத்தை விற்கத் தொடங்கியது. அதன் பின் வந்தவை இன்னும் இலகுவாயின. சங்கிலி ரம்பம், பிக்கப், தட்டி இந்த மூன்றும் சேர்ந்ததும், முன்பு ஒரு குடும்பமும் இரண்டு குதிரைகளும் பனிக்காலம் முழுதும் செய்த வேலையை ஒருவர் சில வார இறுதிகளில் முடிக்க முடிந்தது. 1970-களின் மறுமலர்ச்சி அதனால்தான் சாத்தியமாயிற்று. ஒரு நெருக்கடி வந்த இலையுதிர்காலத்தில் தொழிற்சாலை எதுவும் புதிய வண்டியை வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி ஏற்கெனவே வீட்டு வாசலில் நின்றது. குழிகள் அதில் இருந்தன. தாத்தா செய்த தட்டியின் அளவு எங்காவது ஒருவர் நினைவில் இருந்தது. முடிக்காமல் விட்ட இடம் என்பது சேமித்து வைத்த திறன். தேவை தூங்கும் காலத்தில் அது செலவில்லாமல் காத்திருக்கும். தேவை எழுந்ததும் உடனே உதவும். செல்வம் வந்ததும் தட்டி கழன்றது, நெருக்கடி வந்ததும் மாட்டப்பட்டது. கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு அது தோல்வியாகாது.

பாரம் பற்றிய மறுப்பு இன்னும் கடுமையானது, அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தட்டி பெட்டியின் கொள்ளளவைக் கூட்டுகிறது. அச்சின் வலிமையைக் கூட்டுவதில்லை. இரண்டடி உயரத் தட்டி வைத்தால் 8 அடிப் பெட்டியில் ஒரு முழுக் கார்டை அடுக்கிவிட முடியும். ஆனால் காய்ந்த ஓக் ஒரு கார்டு 3,500 பவுண்டுக்கு மேல் கனக்கும்; வெட்டிய ஈரத்தோடு என்றால் 5,000 பவுண்டைத் தொடும். அரை டன் வகை என்று வழங்கும் பிக்கப் நெடுங்காலம் ஏற்றக்கூடியதாக இருந்த சுமை 1,000 முதல் 1,500 பவுண்டு வரைதான். ஆக, தட்டி கண்ணை ஏமாற்றும். நிறைந்தால்தான் நிறைவு என்று தோன்றச் செய்யும். முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும் வண்டி பிரேக்குக்குக் கட்டுப்படாது. இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, தட்டியின் உயரத்தை மரத்தின் கனத்துக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும் என்பதே. மேற்கு மலைகளில் காய்ந்து நிற்கும் பைன் ஒரு கார்டுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பவுண்டு. அங்கே உயர்ந்த தட்டிக்கு நியாயம் உண்டு, முக்கால் டன் வண்டி என்றால் இன்னும் உண்டு. கிழக்கின் ஓக் காட்டில் குட்டையான தட்டியே சரி. இப்படி மாவட்டத்துக்கு மாவட்டம் மாற வேண்டிய உயரத்தை எந்த ஆலையும் முன்கூட்டி அறிந்து செய்ய முடியாது. தட்டியைத் தானே செய்கிறவர் பாரத்தையும் தானே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அந்த உரிமையின் மறுபக்கமான பொறுப்பு.

ஒவ்வொரு தட்டியும் ஓர் அளவு என்பதைச் சட்டமும் அறிந்து வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் எடை, அளவு விதிகளுக்கு முன்மாதிரி வகுத்துத் தரும் தேசியத் தர நிர்ணயக் கழகத்தின் கையேடு, விறகைக் கார்டு கணக்கில் விற்க வேண்டும் என்கிறது. ஒரு தட்டி, ஒரு குவியல், ஒரு லாரி என்ற கணக்கில் விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. வீட்டில் செய்த தட்டிகள் அவ்வளவு பரவலாகவும் அவ்வளவு வேறுபட்டும் இருந்ததால்தான் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது. வாங்குகிறவரைக் காக்க அந்த விதி வேண்டியதே. வரலாற்றை எழுதுகிறவருக்கோ அது ஓர் அரிய ஆவணம். கொட்டகைக் கைவேலை பெரும்பாலும் காகிதத்தில் தடம் விடுவதில்லை. காப்புரிமை இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, செய்தவர் பெயர் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பொருள் ஒரு நாட்டின் அளவு விதியில் பெயரோடு இடம்பெறுகிறது என்றால், அது ஓரிருவரின் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

நம்மூரிலும் சேசிஸாக வாங்கி வந்த லாரிக்கு நாமக்கல் போன்ற ஊர்களில் பாடி கட்டுகிறார்கள் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தக் கதை பழகியதாகத் தோன்றலாம். ஒற்றுமை உண்டு, ஆனால் வேறுபாடே அதிகம் கற்பிக்கிறது. இங்கே ஆலை விட்ட இடத்தைத் தேர்ந்த தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் நிரப்பினார்கள். அது ஓர் ஊரையே வாழவைக்கும் தொழிலாக வளர்ந்தது. அமெரிக்காவில் பாடி கட்டும் தொழிலை ஆலைகள் பெருமளவு விழுங்கிவிட்டன. எஞ்சிய சிறு இடைவெளி தொழிலாக மாறாமல் வீட்டுக் கைப்பழக்கமாக நின்றது. தொழில் தன் திறமையைச் சங்கம், கூலி, பட்டறை என்ற வடிவங்களில் காத்துக்கொள்ளும். கைப்பழக்கத்துக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. குழி இருக்கும்வரை அது இருக்கும்; குழியை மூடிவிட்டால் ஒரே தலைமுறையில் மறந்துபோகும்.

குழிகள் மூடப்பட்டு வருகின்றன என்பதுதான் இன்றைய கவலை. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசை. ஆனால் இன்று சாலையில் தெரிபவற்றில் பல நான்கு கதவும் ஐந்தரை அடிப் பெட்டியும் கொண்டவை. கார்டின் 8 அடி நீளம் அவற்றில் இல்லை. பக்கச் சுவர்கள் உயர்ந்துவிட்டன. குழிகளின் மேல் பிளாஸ்டிக் மூடி வந்துவிட்டது. 2005-இல் டொயோட்டா டகோமா கலப்புப் பொருளால் ஆன பெட்டியோடு வந்தபோது, பாரம் கட்டும் வேலைக்கு நிறுவனம் தானே வடிவமைத்த தண்டவாளங்களைப் பொருத்தியது. அவற்றில் கொக்கிகளை நகர்த்திக்கொள்ளலாம், வசதிதான். ஆனால் அவற்றில் பொருந்துவது அவற்றுக்கென்று செய்த உறுப்பு. மரக்கடையில் வாங்கிய சட்டத்தை அவை ஏற்காது. பிக்கப்பை இப்போது வாங்குகிறவர்களில் பலர் விறகைத் தொடுவதே இல்லை, எனவே இது இயல்பான மாற்றம் என்பார்கள். இருக்கலாம். அடுப்புப் புகையின் தீமையை எண்ணி 1988-இல் அரசு புதிய விறகு அடுப்புகளுக்கு விதி வகுத்ததும் நியாயமே. எல்லாரும் விறகுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்த மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதை ஃபோர்டே மறுத்துவிட்டது. 2022 ஆண்டு மாதிரியாக வந்த மேவரிக் சிறிய பிக்கப்பின் நாலரை அடிப் பெட்டியில், இரண்டுக்கு நான்கு, இரண்டுக்கு ஆறு அங்குல மரச்சட்டங்கள் இறங்கும் பள்ளங்களைப் பக்கத் தகட்டிலேயே வடித்திருக்கிறார்கள். பெட்டியில் எதை எப்படிச் செய்துகொள்ளலாம் என்ற யோசனைகளையும் நிறுவனமே தருகிறது. 1925-இன் எண்ணம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் விற்பனைக்கு உகந்ததாக இருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-இல் தங்கள் வண்டியைத் தாங்கள் விரும்பிய இடத்தில் பழுதுபார்க்கும் உரிமைக்கு வாக்களித்தார்கள். அதன் பிறகு அந்த வாதம் கைபேசி, டிராக்டர் என்று விரிந்திருக்கிறது. அந்த விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படுவது உடைந்ததைச் சரிசெய்யும் உரிமை. மரத்தட்டியின் வரலாறு அதற்கு முந்திய ஓர் உரிமையை நினைவூட்டுகிறது: உடையாத பொருளையும் தன் வேலைக்கு ஏற்ப நிறைவு செய்துகொள்ளும் உரிமை. குதிரை வண்டியின் முளையிலிருந்து மாடல் டிடியின் வெற்றுச் சேசிஸுக்கும், அங்கிருந்து பிக்கப்பின் நான்கு குழிகளுக்கும் அது தொடர்ச்சியாக வந்திருக்கிறது. அந்த உரிமைக்குச் சட்டமோ மென்பொருளோ தேவைப்படவில்லை. எல்லாருக்கும் கிடைக்கும் ஒரு பொருளின் அளவுக்கு ஒரு துளை வேண்டும். வாங்குகிறவருக்கும் அறிவு உண்டு என்று வடிவமைப்பாளர் நம்ப வேண்டும். இன்று ஒரு கருவியை வடிவமைக்கிறவர் அதை எவ்வளவு முழுமையாக்குவது என்று யோசிப்பதோடு, எந்த இடத்தை முடிக்காமல் விடுவது என்றும் யோசிக்க வேண்டும். விட்ட இடத்தை மக்கள் வீணாக்க மாட்டார்கள் என்பதற்கு, பஞ்சம், போர், எண்ணெய் நெருக்கடி என்று ஒவ்வொரு முறையும் தேவை அழைத்தபோது திரும்பி வந்த விறகுத் தட்டியைவிட நல்ல சான்று இல்லை.